கப்பலுக்கு நான் போட்ட பாஸ்

அந்தப் பச்சைக் கட்டம் இன்றைக்கும் என் கணினியில் இருக்கிறது. டீம் அவுட்டிங் ஏற்பாட்டுக்காக நான் தயாரித்த எக்செல் பக்கத்தில் பதினான்காவது வரிசை. ‘சக்கர நாற்காலி வசதி’ என்று முதல் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். ‘போனில் கேட்டாயிற்று, உண்டு’ என்று இரண்டாவதில். மூன்றாவதில் பச்சை பூசி ‘பாஸ்’. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதே பிழைப்பாக உள்ள எங்களுக்கு அது சாதாரணச் சொல் இல்லை. ஒரு பட்டனை நாமே அழுத்தி, அது செய்யவேண்டியதைச் செய்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பச்சை பூச வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று பூசுகிறவர்களுக்கு எங்கள் வேலையில் மரியாதை கிடையாது. அப்படிப் பூசிய புதுப் பையன்களை நானே கிண்டல் செய்திருக்கிறேன். அதே நான், ஒரு கையில் எலுமிச்சை சாதத்து டப்பாவும் மறு கையில் போனுமாக, ஐந்தே நிமிடம் பேசிவிட்டு ஒரு முழுக் கப்பலுக்கு பாஸ் போட்டேன்.

யாருக்காக அந்த வரிசை என்று சொல்ல வேண்டும். எங்கள் டெஸ்டிங் லீட், சோதனைக் குழுவின் தலைவி. டீமில் இருந்த தமிழ்க்காரர்கள் எல்லோருக்கும் அவர் ‘லீடக்கா’. ஆம்பூர்க்காரர், நாற்பதைத் தொடப்போகிற வயது. குழந்தையில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் மெலிந்துவிட்டன. எதையாவது பிடித்துக்கொண்டால் நான்கைந்து அடி வைப்பார், மற்றபடி சக்கர நாற்காலிதான். பெங்களூரில், ஆடுகோடியில், தரைத்தளத்து வீடு ஒன்றில் தனியாகக் குடியிருந்தார். வீட்டில் ஒரு நாற்காலி, அலுவலகத்தில் ஒரு நாற்காலி, நடுவில் பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர். ஓசூர் ரோட்டு நெரிசலில் லாரிகளுக்கு நடுவே அவர் அதை ஓட்டி வருவதைப் பார்த்தால் நாம்தான் கண்ணை மூடிக்கொள்வோம். நான் அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மூச்சுவிடாமல் பேசுவேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அத்திபெலே எக்ஸ்பிரஸ். “ஏ எக்ஸ்பிரஸ், நடுவுல ஒரு ஸ்டேஷன்லயாவது நில்லு, நாங்க ஏறிக்கிறோம்” என்பார். சாப்பாட்டு மேசையில் ஆம்பூர் பிரியாணியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அன்று மாலைவரை அவர்கள் எழுதும் ரிப்போர்ட்டில் எல்லாம் குற்றம் கண்டுபிடிப்பார்.

அலுவலக வாகன நிறுத்தத்தில் சக்கர நாற்காலிப் படம் மஞ்சளில் வரைந்த ஓர் இடம் உண்டு. அதில் பெரும்பாலும் காலித் தண்ணீர் கேன்கள் நிற்கும். இல்லாவிட்டால் யாராவது மேலதிகாரியின் கார். செக்யூரிட்டி தினமும் தலையைச் சொறிந்தபடி “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்” என்பார், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று. நல்ல மனிதர்தான். ஆனால் இந்த ஊருக்கு ரொம்பப் பிடித்த இந்த வாக்கியத்தைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் அனுசரிப்பைக் கேட்கும். தண்ணீர் கேனிடம் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் லீடக்கா ஸ்கூட்டரை நேராகக் கொண்டுபோய் டைரக்டர் கார் வந்து நிற்கும் போர்டிகோவில் நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார். மறுநாளிலிருந்து மஞ்சள் படம் பளிச்சென்று தெரிந்தது.

கப்பல் பயணம் எங்களுக்குக் கிடைத்ததே அவரால்தான். ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். வெளியிடுவதற்கு முந்தைய நாள், ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இடம் மாறிக் காட்டுவதை லீடக்கா பிடித்தார். மேனேஜர் சேலத்துக்காரர், கோபம் வந்தால் குரல் கீச்சென்று ஆகிவிடும். அப்புறம் சரிசெய்யலாம், இப்போது விடுங்கள் என்று அவர் கீச்சிட்டார். லீடக்கா கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போய் எல்லாம் சரியாக வெளியானது. வாடிக்கையாளர் மகிழ்ந்து, எங்கள் மேலிடம் மகிழ்ந்து, கொச்சியிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் டீம் முழுவதற்கும் மூன்று நாள் என்று மெயில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் எச்.ஆர். பெண்மணி தேன் ஒழுகும் குரலோடு லீடக்காவின் மேசைக்கு வந்தார். பயணம் களைப்பாக இருக்கும், அதனால் உங்களுக்கு மட்டும் பரிசுக் கூப்பன் தரலாம் என்று யோசித்திருக்கிறோம், குடும்பத்தோடு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். யோசித்தவர்கள் யார் யார் என்று லீடக்கா கேட்டார். அந்தப் பெண்மணி நழுவிப் போன பிறகு லீடக்கா எங்களிடம் சொன்னார்: “எனக்கு வேணாம்னா நான் சொல்லணும். அவங்க ஏன் சொல்றாங்க?”

நான் அப்போது அவுட்டிங் கமிட்டியில் இருந்தேன். எந்தக் கமிட்டி என்றாலும் முதலில் கை தூக்குகிற ரகம் நான். “அக்கா, நீங்க வர்றீங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்” என்று மேசையைத் தட்டினேன். கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டேன். சக்கர நாற்காலிக்கு வசதி உண்டா என்று கேட்டேன். எதிர்முனையில் ஓர் இளைஞன், எங்கள் கப்பலில் எல்லா வசதியும் உண்டு, சிறப்பு அறையும் உண்டு, குறித்துக்கொள்கிறேன் என்று பாட்டுப்போலச் சொன்னான். பச்சை. பாஸ். பாத்ரூம் கதவு எத்தனை இஞ்ச் என்று லீடக்கா கேட்டார். எல்லாம் ஓகே என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். வேறு சமயமாக இருந்தால் அந்தப் பதிலுக்கு அவர் என்னை உரித்து உப்புக்கண்டம் போட்டிருப்பார். அன்று, “சரி. எல்லாரும் டூர் போறதுக்கு முன்னாடி டிரஸ் எடுப்பாங்க. நான் இஞ்ச் டேப் எடுத்து வைப்பேன். இந்த ஒரு தடவை நானும் டிரஸ் எடுக்கறேன்” என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஒருவர் வாழ்நாளெல்லாம் கதவுகளை அளந்து அளந்து அலுத்துப்போய், ஒரே ஒரு முறை அந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவருக்குக் கப்பல் பெரிதில்லை. கடல்தான் வேண்டும். கப்பல் கம்பெனியின் வீடியோவில் இரண்டாம் நாள் போகும் தீவைக் காட்டுவார்கள். ஆழமில்லாத, கண்ணாடி மாதிரித் தண்ணீர். கரையிலிருந்து அதற்குள் நீளமாகப் போகும் ஒரு மரப்பலகைப் பாதை. லீடக்கா அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். “பலகை கடைசி வரைக்கும் சமமா போகுது பாரு. கடைசில படி இல்ல, சறுக்கு. நாற்காலியோடவே தண்ணி வரைக்கும் போயிடலாம். கால வெச்சுப் பாக்கணும்” என்றார். கடற்கரைக்கே போனதில்லையா என்று கேட்டேன். காலேஜ் டூரில் கூட்டிப்போனார்களாம். மணலில் சக்கரம் இறங்கிவிடும் என்பதால் பஸ்ஸிலேயே உட்காரச் சொன்னார்களாம். “சும்மா உக்காரல. எல்லாரோட செருப்பையும் பாத்துக்கிட்டேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குச் சேர்ந்து சிரிக்க வரவில்லை.

துணி எடுக்க ஒரு சனிக்கிழமை சிவாஜிநகர் போனோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டி, நடைபாதை என்று ஒன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கடை விரித்திருந்தார்கள். சாலையிலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் முழங்கால்வரை வரும் முக்கால் கால்சட்டை ஒன்றைத் தேடினார். அதுவரை அவர் கணுக்கால்கூடத் தெரிய உடுத்தி நான் பார்த்ததில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து, அவங்களுக்கு என்ன சைஸ் என்று கேட்டார். நான் சட்டென்று எல் என்றேன். லீடக்கா நிமிர்ந்து, “எம்” என்றார். மயில்கழுத்து நிறத்தில் எடுத்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் மடியில் விரித்துப் பார்த்தாராம். பொடிப் பெண் மாதிரி இருக்கிறது என்று அன்று மாலை போனில் சொன்னார்.

கொச்சித் துறைமுகத்தில் எல்லோருக்கும் கம்பளம் விரித்த பாதை, செண்டை மேளம், கழுத்தில் மாலை, கையில் இளநீர். அந்தப் பாதையில் இடையே படிகள் இருந்தன. எங்கள் இருவரையும் ஒரு சிப்பந்தி கப்பலின் பின்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனார். உருளைக்கிழங்கு மூட்டைகளும் ஐஸ் பெட்டிகளும் தள்ளுவண்டியில் ஏறுகிற சரிவுப்பாதை. மூட்டை தள்ளுகிறவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். “நம்மள நேரா கிச்சன்ல எறக்கிடுவாங்க போல, எக்ஸ்பிரஸ். வெங்காயம் உரிக்கத் தெரியுமா உனக்கு?” என்று அவர் சிரித்துக்கொண்டே வந்தார். மேளச் சத்தம் தலைக்கு மேலே எங்கோ கேட்டது. அவர் சிரித்ததால் நானும் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் உடம்பு எரிகிறது. மாலையும் இளநீரும் மூட்டைப் பாதைக்கு வந்து தர முடியாதவையா?

அறையின் கதவு போதுமான அகலம்தான். பாத்ரூம் கதவுதான் இரண்டு விரற்கடை குறைந்தது. போதாததற்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இரும்பு வாசற்படி. நாற்காலி போய் முட்டி நின்றது. நான் வரவேற்பு மேசைக்கு ஓடினேன். சிறப்பு அறைகள் இரண்டும் நிரம்பிவிட்டன என்றார்கள். பெரிய பாத்ரூம் வேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்டதாம், ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். போனில் உண்டு என்றீர்களே என்று கத்தினேன். அங்கிருந்த பெண் கொஞ்சமும் பதறாமல், ஆமாம் மேடம், கப்பலில் அந்த வசதி உண்டு, இப்போது காலியாக இல்லை, அவ்வளவுதான் என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. வசதி உண்டா என்றுதான் நான் கேட்டேன். அது எங்கள் லீடுக்குக் கிடைக்குமா, எந்த எண் அறை, எழுத்தில் தருவீர்களா என்று கேட்கவில்லை. முதல் வருடத்துப் பிள்ளைகூட இப்படி ஒரு சோதனையை எழுதாது.

அந்த அறையில் அவர் எப்படிச் சமாளித்தார் என்பதைக் கப்பலில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நானும் இன்னொரு தோழியும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, அவர் அந்த இரும்புப் படியைத் தாண்ட வேண்டும். தனியாக வாழ்ந்து, தன் காரியம் எல்லாம் தானே செய்து பழகிய ஒரு பெண். முதல் தடவை தாண்டி முடித்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நான் அதை மதியச் சாப்பாட்டில்தான் கவனித்தேன். தட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். எங்கு திரும்பினாலும் பழச்சாறு, மோர், ஐஸ் போட்ட சர்பத், எல்லாம் இலவசம். உதடு காய்ந்துபோய் அவர் வெள்ளரித் துண்டை மட்டும் மென்றுகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “பழக்கம்தான். ஸ்கூல்ல இருந்தே. டூர்னா எனக்குத் தண்ணி கெடையாது” என்றார், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்.

மாலையில் மேடை போட்டுப் பரிசு கொடுத்தார்கள். சிறந்த சோதனையாளர் என்ற பரிசு வேறொருவருக்குப் போனது. நல்ல பையன்தான், ஆனால் அந்த ரத்தப் பரிசோதனைப் பிழையை அவன் பார்க்கவில்லை. பிறகு மேனேஜர் மைக்கைப் பிடித்து, நம் எல்லோருக்கும் ஊக்கம் தருகிற ஒருவர் என்று ஆரம்பித்தபோதே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மன உறுதிக்கான சிறப்புப் பரிசு. மேடைக்கு மூன்று படி. ஆகவே மேனேஜர் இறங்கி வந்து குனிந்து கொடுத்தார். முன்பின் தெரியாத பயணிகள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள், ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லீடக்கா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது: “சார், நான் வேலை செஞ்சதுக்கு ஒண்ணும் கெடையாதா?” அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துப் பலமாகச் சிரித்தார்.

மறுநாள் காலை கப்பல் தீவுக்கு வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. கீழ்த்தளத்தில் கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அங்கிருந்து சின்னப் படகுகளில் ஆட்களை ஏற்றினார்கள். கதவுக்கும் படகுக்கும் நடுவே ஒரு காலடி இடைவெளி, கீழே பச்சைத் தண்ணீர். லீடக்கா மயில்கழுத்துக் கால்சட்டையில் வந்திருந்தார். அவருடைய மெலிந்த கால்களை முதன்முதலாக வெயிலில் பார்த்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார், அப்புறம் அதையும் விட்டுவிட்டார். எங்கள் முறை வந்தபோது வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரி உள்ளங்கையை உயர்த்தினார், போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி. அவர் என்னைப் பார்த்து, இவர் போக முடியாது, தாமாகக் கால் எடுத்து வைக்க முடியாதவர்களைப் படகில் ஏற்றுவதில்லை, அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கண் ஒருமுறைகூட நாற்காலிப் பக்கம் இறங்கவில்லை.

நான் வெடித்தேன். டிக்கெட் விற்கும்போது சொன்னீர்களா, வீடியோவில் சொன்னீர்களா, இது என்ன நியாயம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இன்னும் மென்மையாகப் பேசப் பேச எனக்கு இன்னும் ஏறியது. பின்னால் கூட்டம் சேர்ந்தது. எங்கள் பையன்கள் நால்வர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நாங்களே தூக்கிக்கொண்டு போகிறோம் என்று முன்னால் வந்தார்கள். அருமையான யோசனை என்று நானும் நாற்காலியின் பிடியில் கை வைத்தேன். அப்போதுதான் லீடக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

“நிறுத்து. யாரையும் என்னத் தூக்கச் சொல்லி நான் கேக்கல.” குரல் உயரவில்லை. “அவரு என்கிட்ட பேசாம உன்கிட்ட பேசறாரு. நீயும் என்கிட்ட பேசாம அவருகிட்ட பேசற. பத்து நிமிஷமா ரெண்டு பேரும் என் தலைக்கு மேலயே பேசிக்கிட்டிருக்கீங்க.”

எனக்குக் காது சூடானது. நான் அவருக்காகச் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிவாஜிநகரில் அவருடைய அளவைச் சொன்னதும் நான்தான். கப்பலுக்கு அவர் சார்பில் பாஸ் போட்டதும் நான்தான். எங்கெல்லாம் அவரைக் கேட்டிருக்க வேண்டுமோ அங்கெல்லாம் என் வாய் முந்திக்கொண்டிருக்கிறது. நான் ஒதுங்கி நின்றேன். பையன்கள் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

அவர் நாற்காலியை அதிகாரிக்கு நேராகத் திருப்பி, பயணி நான், என்னிடம் சொல்லுங்கள் என்றார். பிறகு தன் வேலையை ஆரம்பித்தார். இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? எழுதவில்லை, கேப்டனின் முடிவு. கேப்டனைக் கேட்டீர்களா? இல்லை. கேளுங்கள். தீவில் மதியச் சாப்பாட்டுக்கான பெட்டிகள் சக்கரம் வைத்த வண்டியில் இதே படகில்தானே போயின? ஆமாம், குறுக்கே பலகை போட்டு. அந்தப் பலகை எங்கே? அதிகாரிக்கு வியர்த்தது. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். கயிறு பிடித்துக்கொண்டிருந்த மாலுமி ஒருவர், தூத்துக்குடிக்காரர், அதிகாரி போகும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். “யக்கா, ஒங்களுக்கு எப்படித் தோது? முன்னப் பாத்து எறங்குவீயளா, முதுகு காட்டியா?” என்றார். கப்பலில் ஏறியதிலிருந்து கப்பல்காரர் ஒருவர் லீடக்காவிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. லீடக்கா விளக்கினார்: முதுகு காட்டி, பெரிய சக்கரம் முதலில், இரண்டு பேர் சக்கரத்தைப் பிடித்தால் போதும், என்னைத் தொடவேண்டாம். மாலுமி தலையாட்டி, “ஆகும்க்கா. இன்னைக்குக் கடலும் தூங்குது” என்றார்.

ஆனால் கேப்டன் ஏதோ கூட்டத்தில் இருந்தார். காத்திருங்கள் என்று ஆள் வந்தது. நாங்களும் நிற்கிறோம் என்று நின்ற டீமை லீடக்காவே விரட்டி அனுப்பினார். நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொன்ன மேனேஜர் மூன்றாவது படகில் ஏறியதை இருவரும் பார்த்தோம். நான் மட்டும் இருந்தேன். இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் இருந்தேன். திறந்த கதவு வழியாகத் தீவு ஒரு பச்சைக் கீற்றாகத் தெரிந்தது, மரப்பாதை இங்கிருந்து தெரியவில்லை. ஒன்பது மணியிலிருந்து இரண்டரை மணிவரை அந்தக் கதவருகே உட்கார்ந்திருந்தோம். இடையில் யாரோ வந்து, மேலே போய் ஏசியில் உட்காருங்களேன் என்று அன்பாகச் சொன்னார்கள். அவர் அசையவில்லை.

இரண்டரைக்குத் தாள் ஒன்று வந்தது. ஆட்களைத் திரும்பக் கூட்டிவரப் போகும் படகில் போகலாம், ஆனால் தீவில் இறங்கக்கூடாது, அதே படகில் உட்கார்ந்தபடியே திரும்ப வேண்டும், ஏதாவது ஆனால் கப்பல் பொறுப்பில்லை. லீடக்கா மென்பொருள் ஒப்பந்தம் படிப்பதுபோல இரண்டு முறை படித்தார். கீழே ‘உடன் வருபவர் கையொப்பம்’ என்று ஒரு கோடு இருந்தது. தன்னுடைய கையெழுத்துக்கு எங்கே இடம் என்று கேட்டார். உங்களுடையது தேவையில்லை என்றார் அதிகாரி, அதை ஒரு சலுகை மாதிரி. என் கையில் பேனாவைத் தந்தார். உள்ளபடி சொல்கிறேன், எனக்குக் கை துறுதுறுத்தது. படகிலாவது போகட்டுமே, விளிம்பில் கை நீட்டித் தண்ணீரைத் தொடலாமே என்று மனம் கணக்குப் போட்டது. மூடியைத் திறந்துவிட்டேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, “அக்கா, என்ன பண்ணட்டும்?” என்றேன்.

“பேனாவ மூடு.”

மூடினேன். அவர் தாளை நான்காக மடித்து அதிகாரியின் கையில் வைத்தார். பிறகு அந்தத் தூத்துக்குடி மாலுமியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பெரிய டம்ளரில் இரண்டு முறை வாங்கி, மூச்சுவிடாமல் குடித்தார். சுவரிலிருந்த போனை எடுத்து வரவேற்பு மேசையைக் கூப்பிட்டார். நான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறேன், அரைமணி நேரத்தில் என் நாற்காலி நுழைகிற பாத்ரூம் எனக்கு வேண்டும், எந்த அறை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். பதினைந்தே நிமிடத்தில் ஒருவர் சாவியோடு ஓடிவந்தார். நிரம்பிவிட்டதாகச் சொன்ன இரண்டாவது சிறப்பு அறையைத் திறந்தார்கள். உள்ளே ஆள் யாரும் இல்லை. உபரி மெத்தைகளைக் கூரைவரை அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்று பேர் வந்து மெத்தைகளை வெளியே இழுத்தார்கள். அகலமான கதவு, படியில்லாத தரை, சுவரில் பிடிமானக் கம்பி, எல்லாம் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது, மெத்தைகளின் சௌகரியத்துக்காக.

ஊர் திரும்பியதும் லீடக்கா கப்பல் கம்பெனிக்கு எழுதினார். நாங்கள் பிழை அறிக்கை எழுதும் முறையிலேயே எழுதினார்: என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. வசை ஒன்றும் இல்லை. எரிச்சலான ஒரு சொல்கூட இல்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, எனக்கு. முன்பதிவு என் பெயரில் இருந்ததால் ‘அன்புள்ள பராமரிப்பாளருக்கு’ என்று ஆரம்பித்து, உங்கள் நோயாளிக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று முடிந்திருந்தது. அதை அவரிடம் காட்டினேன். “எனக்கு என்ன நோய்னு கேட்டியா?” என்றார். அதற்குப் பின் அந்தப் பக்கத்திலிருந்து கடிதம் ஏதும் வரவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பாதுகாப்பு, அக்கறை, சிரமம் வேண்டாமே என்ற நல்ல வார்த்தைகளைக் கேட்டாலே இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. முகத்துக்கு நேரே விரட்டுகிறவனோடு சண்டையாவது போடலாம். அக்கறையோடு கதவைச் சாத்துகிறவர்களிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது? என் கோபத்தில் பாதிக்கு இன்றுவரை போக்கிடம் இல்லை. மீதிப் பாதி என்மேல். அதுதான் உபயோகமானது, அடுத்து எங்கேயாவது வாய் முந்தும்போது பிடித்து நிறுத்துகிறது.

போன மாதம் மறுபடி அவுட்டிங் கமிட்டி போட்டார்கள். இந்த முறை லீடக்காவும் இருக்கிறார். நான் அவர் பெயரைக் கொடுக்கவில்லை. அவரே எச்.ஆரிடம் போய்க் கொடுத்தார், உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்றார்களாம். முதல் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது: நாலாவது மாடியில், லிஃப்டை விட்டு இறங்கி இன்னும் ஏழு படி ஏறிப் போகிற, உட்கார மெத்துமெத்தென்ற பைகள் போட்ட அந்த ஜாலியான அறை. நான் உட்கார்ந்து, எரிச்சலில் கொதிக்கக் கொதிக்க ஒன்றரைப் பக்கம் மெயில் அடித்தேன். அனுப்பும் பட்டனுக்கு மேல் விரல் நின்றது. எழுந்து போய் அவரிடம் காட்டினேன், அனுப்பட்டுமா என்று. அவர் படித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கே என்றார். “அழிச்சிடு. எல்லாரையும் கீழ வரச் சொல்றேன்.” ஒரே வரி அடித்தார்.

வந்தார்கள். ஒன்பது பேர். கீழே எங்கள் பகுதியில் போதிய நாற்காலிகள் இல்லை என்பதால் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். மேனேஜருக்கு மூச்சிரைத்தது. லீடக்கா அதற்குள் வெள்ளைப் பலகையின் முன்னால் போய், தன் கைக்கு எட்டிய உயரத்தில், முதல் யோசனையாக ‘கடல்’ என்று எழுதியிருந்தார். மேனேஜர் அதைப் படிக்கக் குனிய வேண்டியிருந்தது. குனிந்து படித்துவிட்டு, கொஞ்சம் சலிப்போடு, “மறுபடியும் கடலா?” என்றார்.

“உங்களுக்குத்தான் சார் மறுபடியும்” என்றார் லீடக்கா. “எனக்கு இதுதான் மொதல் தடவை.”